போகிறவள் பேசுகிறேன்

என் மக்ளே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வீக்கம், சரியான தூக்கம் இல்லை. இத்தனை வருஷம் நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவளிடம் "ஐ ஆம் ஃபைன் அம்மா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நானும் நன்றாக இல்லை. டியூட்டி முடிவதற்குள் கணுக்கால் இரண்டும் வீங்கி ஷூவைக் கழற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது. இந்த மாதக் கடைசியோடு எல்லாம் முடிகிறது. விசா கேன்சல் ஆனதும் நானும் அப்பாவும் புஜைராவையும் இந்த அமீரகத்தையும் விட்டு ஊருக்குக் கிளம்புகிறோம். ஹாலில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. மீதியை எடுத்து வைக்க உட்கார்ந்தவள், அதை அப்படியே போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து விளக்கம் கொடுத்துவிடுவாய். உன்னோடு பேசி ஜெயிக்க எனக்குச் சக்தியில்லை, அதனால்தான் கடிதம். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நர்ஸுகளின் வாட்ஸாப் குழுவில் போடுவேன். அமெரிக்காவில் இருக்கும் ரெஜினாவுக்கும் அனுப்புவேன். நீ என் பேச்சை ஊரறியக் காட்டினாய், நானும் ஊரறியப் பதில் சொல்கிறேன். கோபம் என்று நினைக்காதே. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வாஷிங்டனில் உனக்கு வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று அப்பா கேட்டார். துறைமுகத்து எண்ணெய் டாங்குகளில் வால்வைத் திறந்து மூடிக் காலம் கழித்தவருக்கு, பேசுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்பது பிடிபடவில்லை. நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "அப்பா, இங்க எல்லாருக்கும் ஒரு சங்கம் இருக்கு. ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கு ஒண்ணு, நர்ஸுங்களுக்கு ஒண்ணு, மருந்துக் கம்பெனிக்கு, விவசாயிக்கு, துப்பாக்கி வச்சிருக்கவங்களுக்கு, ரிட்டையர் ஆனவங்களுக்குக்கூட இருக்கு. சட்டம் போடுறவங்ககிட்ட அவங்கவங்க பக்கத்தை எடுத்துச் சொல்லணும். எலெக்‌ஷன்ல உதவுவாங்க, ஆள் திரட்டுவாங்க, ரிப்போர்ட் எழுதிக் குடுப்பாங்க. நான் ஆஸ்பத்திரிக்காரங்களுக்காகப் பேசுறேன்." அப்பா கேட்டுவிட்டு, "அப்போ நீ மந்தூப்" என்றார். இங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மந்தூப் உண்டு. அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைவதும், எந்தக் கவுண்ட்டரில் என்ன சொன்னால் காரியம் நடக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதும்தான் அவர் வேலை. நீ சிரித்து, "கரெக்ட், கொஞ்சம் பெரிய மந்தூப்" என்றாய். அன்றிலிருந்து யார் உன்னை விசாரித்தாலும் "அவன் பெரிய மந்தூபா இருக்கான்" என்றுதான் அப்பா சொல்கிறார். பாதிப் பேர் நீ குவைத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்த வேலையைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை. சின்ன வயதிலேயே நீ அதைச் செய்தவன்தானே. உன் சேட்டை தாங்காமல் கணக்கு வாத்தியார் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு டியூட்டி, அப்பா மட்டும் வந்தார். வாத்தியார் இங்கிலீஷில் பொரிந்து தள்ள, அப்பா உன்னிடம் தமிழில், "இந்த ஆளு வாயத் தொறந்தா மூடமாட்டாரு போலிருக்கே, எப்பம் விடுவாரு?" என்றிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று வாத்தியார் கேட்க, நீ கண்ணைக்கூட இமைக்காமல், "சார் நேரம் ஒதுக்கி இவ்வளவு விளக்கமா சொன்னதுக்கு அப்பா நன்றி சொல்றாங்க" என்றாயாம். வாத்தியார் குளிர்ந்துபோய் அப்பாவுக்குக் கைகொடுத்து அனுப்பினார். நாங்கள் அதை வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தோம். அது வேறொருவருடைய பேச்சைத் திருத்திக் கொடுப்பது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை கெட்டிக்காரன் என்றுதான் தோன்றியது.

எங்கள் ஆஸ்பத்திரியில் எங்களுக்காகப் பேச யாரும் கிடையாது. சங்கம் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டோம். பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் முதலில் கையெழுத்துப் போட்டவள் யார் என்றுதான் விசாரணை நடக்கும் என்று எல்லோருக்கும் பயம். ஊரில் தங்கைக்குக் கல்யாணம், தம்பிக்குப் படிப்பு, யாருக்கும் விசாவை இழக்கத் தைரியமில்லை. ஆனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். யார் வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறாளோ, அவள்தான் எல்லோருக்காகவும் பேசுவாள். அவளுக்குக் கேக் வெட்டும் அன்று ஒவ்வொருத்தியும் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் குறையைக் காதில் போட்டுவிடுவோம். ஒரு சமயம் ரூமுக்குப் போகும் பஸ், வார்டை அடுத்த ஷிப்ட்டிடம் ஒப்படைத்து முடிப்பதற்கு முன்பே கிளம்பிக்கொண்டிருந்தது. தினமும் பஸ்ஸைத் தவறவிட்டுக் கைக்காசில் டாக்ஸி பிடித்தோம். அந்த வருஷம் கேரளத்து ஏலியம்மா சிஸ்டர் போக வேண்டிய முறை. கடைசிக் காகிதத்தில் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனவர், கையெழுத்தை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸிலிருந்து பாத்ரூம் குழாய் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரமே பஸ் நேரம் மாறியது. ஏலியம்மா சிஸ்டர் அந்த பஸ்ஸில் ஒரு நாளும் ஏறவில்லை.

இந்தக் கதையை உன்னிடம் பெருமையாகச் சொன்னபோது நீ ஒன்று கேட்டாய். "அம்மா, ஏலியம்மா ஆன்ட்டி ஊருக்குப் போற வரைக்கும் எல்லாரும் டாக்ஸியில போனீங்களே, அது உங்களுக்கு நியாயமாப் படுதா? இங்க யாரும் வேலையை விட்டுட்டுத்தான் பேசணும்னு இல்ல." நீ சொன்னது சரி. அதற்காக நான் உன் நாட்டை மதிக்கவும் செய்தேன். பேசுகிறவர்களெல்லாம் தங்கள் லாபத்துக்காகப் பேசினாலும், ஆளுக்கொரு வாய் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம் என்று அப்பாவிடம் சொன்னேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, எங்கள் ஆபீஸில் நர்ஸுகளைப் பற்றி ஒரு வீடியோ செய்கிறோம், நீங்களும் பேசுங்கள் என்றாய். போனை ரொட்டி டப்பாமேல் சாய்த்து வைத்தாய். நான் கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி என்னிடம் இப்படி உட்கார்ந்து விசாரித்ததில்லை. அப்பா கேட்டதெல்லாம் எத்தனை மணிக்கு வருவாய் என்பதுதான். நீ கேட்டாய், மக்ளே. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். டீ ஆறிப்போகும்வரை பேசினேன். நீ வாஷிங்டன் திரும்பிப் போன பிறகும் அந்தச் சந்தோஷம் எனக்குப் பல நாள் இருந்தது.

போன வாரம் ரெஜினா கூப்பிட்டாள். உனக்கு அவளை நினைவிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், எங்கள் வார்டில் வேலை பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதி அமெரிக்கா போனவள். உனக்குக் கருவாட்டுப் பொரியல் கொண்டுவந்து தருவாளே, அவள்தான். எடுத்த எடுப்பில், "அக்கா, நீல சேலை கட்டி வீடியோவுல பேசுறது நீங்கதானா?" என்றாள். ஆமாம், என் மகன் எடுத்தது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அவள் இருக்கும் மாநிலத்தில், ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் இத்தனை நோயாளிகளுக்குமேல் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி நர்ஸுகளின் சங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் சட்டசபைக் குழு அதை விசாரிக்கிறது. ரெஜினாவும் போய்ப் பேசப் போகிறாள். அந்தச் சட்டம் வேண்டாம் என்கிறவர்கள் என் வீடியோவை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். குழுவின் முன்னாலும் அதைப் போடப்போவதாகப் பேச்சாம்.

அவள் அனுப்பியதைப் பார்த்தேன். என் முகம், என் புடவை, பின்னால் நம் சமையலறை. நான் பேசுகிறேன். "ஒரு நர்ஸுக்கு இத்தனை பேருன்னு எங்களுக்கு யாரும் கணக்குச் சொன்னதில்ல. ஒரு பெருநாள் லீவுல வார்டு முழுக்க நான் ஒருத்திதான் நின்னேன். எல்லாரையும் பாத்துக்கிட்டேன். மனசு இருந்தா பாத்துக்கிடலாம்." கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. அதோடு நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு சங்கத்தின் பெயர் வருகிறது, நோயாளிகளின் நலனுக்கான கூட்டணி என்பதுபோல. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இதுல நோயாளி யாராவது மெம்பரா இருக்கானா?" என்று கேட்டார். உன் ஆபீஸுக்கு அப்படி ஒரு பெயரும் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் சொல்லாத ஒரு சொல்லும் அந்த வீடியோவில் இல்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது. பொய் போட்டிருந்தால் பொய் என்று கத்தியிருப்பேன். உனக்குப் போன் செய்து, "மீதி எங்க மக்ளே?" என்று கேட்டேன். "எடிட்ல போச்சும்மா. டைம் லிமிட் உண்டு. நீங்க சொன்னதை ஒரு வார்த்தைகூட மாத்தல" என்றாய். ரெஜினாவைப் பற்றிச் சொன்னேன். "ரெஜினா ஆன்ட்டி சைடுலயும் இதே மாதிரி வீடியோ போடுறாங்கம்மா. அவங்களுக்கு வேண்டியதை அவங்க வெட்டுவாங்க, எங்களுக்கு வேண்டியதை நாங்க வெட்டுவோம். ரெண்டையும் கேட்டுட்டு அவங்க முடிவு பண்ணுவாங்க. இது இப்படித்தான் நடக்கும். அந்தச் சட்டம் வந்தா சின்ன ஊர் ஆஸ்பத்திரியில பாதி மூடிடும், அதையும் நினைச்சுப் பாருங்க." நீ சொன்னது முழுக்கப் பொய்யாக இருக்காது. சின்ன ஊர் ஆஸ்பத்திரி மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குமேல் வாதாட முடியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் புலம்பினேன். அவர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "சம்பளம் குடுக்கவன் சொல்லுக வேலைய அவன் பாக்கான். நான் டாங்கில வந்த எண்ணெயெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டனா?" என்றார். சற்றுக் கழித்து, ஒட்டிய டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "ஆனா ஒன்னய வச்சி ரெஜினாவுக்க வாய அடைக்கக் கூடாது" என்றார். உன் அப்பா உன்னைப் பற்றி இப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலையை விடு என்று சொல்வதற்காக எழுதவில்லை. வாஷிங்டனில் வீட்டு வாடகை என்ன என்று எனக்குத் தெரியும், படிப்புக்காக நாங்கள் பட்ட பாடும் தெரியும். உன் வேலை கேவலம் என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும், அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்தான். உன் ஆட்கள் அவர்கள் வாயால் பேசட்டும். லாபம் குறையும் என்றால் குறையும் என்று சொல்லட்டும், ஆஸ்பத்திரி மூடும் என்றால் கணக்கைக் காட்டட்டும். நர்ஸுகள் நர்ஸுகளின் வாயால் பேசுவார்கள். யார் ஜெயித்தாலும் எனக்கு அதைப் பற்றிப் பேச்சில்லை. நர்ஸின் முகத்தை முன்னால் நிறுத்தி முதலாளியின் பேச்சைப் பேச வைப்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதுவும் அந்த நர்ஸ் உன் அம்மா. உன்னை நம்பி, நீ கேட்கிறாய் என்ற ஒரே சந்தோஷத்தில் வாயைத் திறந்தவள்.

ரெஜினாவை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவள் வேலையில் இருந்துகொண்டே பேசப் போகிறாள். பேசிவிட்டு மறுநாள் அதே வார்டுக்குப் போய் அதே மேனேஜருக்குக் குட்மார்னிங் சொல்லப் போகிறாள். எங்கள் வார்டில் எவளாலும் முடியாத காரியம் அது. இத்தனை பேர் கேக் தின்றுகொண்டே காதில் போட்ட குறைகளையெல்லாம் ஒருத்தி நேராக நின்று சொல்லப்போகிற நாளில், அவளுக்கு எதிராக என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறாயே மக்ளே. எனக்கு அழுகைகூட வரவில்லை, ஒரே அசதியாக இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தக் குழுவின் முன்னால் என் வீடியோவைப் போடுவதானால் முழுவதும் போடு. நேரம் போதாது என்றால் முதல் பாதியை எடுத்துவிட்டு, வெட்டிய பாதியை மட்டும் போடு. இரண்டும் முடியாது என்று உன் ஆபீஸ் சொன்னால், என்னை எடுத்துவிடு. அதையும் முடியாது என்றால் ரெஜினா இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி அங்கே வாசிப்பாள். மேனேஜர் நேற்று என் கடைசிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பையில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் வழக்கப்படி இப்போது பேச வேண்டிய முறை எனக்கு. கேக் வெட்டும் அன்று வார்டில் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து காதில் போடுவார்கள், அதையும் மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

வெட்டிய பாதி உன்னிடம் அழிந்து போயிருந்தால், இதோ எழுதித் தருகிறேன். "மனசு இருந்தா பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன், அதே பெருநாள் லீவில் வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலில் இருந்து காய்ச்சலோடு ஒருவரைப் படகில் இறக்கிக் கொண்டுவந்தார்கள் என்று. தூத்துக்குடிக்காரர், கப்பலில் சமையல் வேலை. கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பாத்ரூம் போக வேண்டும் என்று மணியை அழுத்தினார். வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அந்தப் பெண்ணை விட்டால் இன்னொருவர், அவரை விட்டால் இன்னொருவர். அவர் அதன்பிறகு மணியை அழுத்தவில்லை. ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு தானே எழுந்து நடந்து, கதவுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குமேல் அவரை எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். நான் ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்தேன். ஏன் அண்ணே கூப்பிடவில்லை என்று கேட்டேன். வலியில் முகம் வெளுத்துக் கிடந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். நீங்க பாவம், ஓடிக்கிட்டே இருந்திய. ஒங்களக் கூப்புட மனசு வரல."

அம்மா